வால்வு மாப்பிள்ளை

சின்னவளுடைய அப்பாவுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, சிகரெட்கூடக் கிடையாது. "நீங்க குடுத்து வச்சவங்க" என்று அம்மாவிடம் சொல்லாத பெண் அந்தத் தெருவில் இல்லை. "ஆமாங்க. குடிக்கிறவனாவது காலையில தெளிஞ்சிடுவான்" என்பாள் அம்மா. கேட்டவர்கள் ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

அப்பாவைப் பிடித்திருந்தது பாட்டுப் பெட்டி. ஹாலின் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதன் நான்கு கால்களும் எங்கே நிற்கவேண்டும் என்று தரையில் டேப் ஒட்டிக் குறித்திருந்தார். எதிரே ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், அவற்றுக்கு நடுவே மர அடுக்கில் பெட்டிக்கு மேல் பெட்டி. ஒரு காலத்தில் அங்கே சோபாவும் இருந்தது. அது சத்தத்தைக் குடிக்கிறது என்று கண்டுபிடித்து அதைப் படுக்கையறைக்குத் தள்ளினார். படுக்கையறையில் கதவு திறக்க முடியாமல் போகவே பால்கனிக்குத் தள்ளினார். இரண்டு மழைக்காலம் தாக்குப்பிடித்துவிட்டு அது உயிரை விட்டது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டால் வீட்டில் சட்டம் அமலுக்கு வந்துவிடும். ஃபேன் ஓடக்கூடாது. மிக்ஸி கூடாது. குக்கர் விசில் அடிக்கக்கூடாது. ஃப்ரிட்ஜ் முனகுகிறது என்று அதையும் நிறுத்துவார். பிறகு போட மறந்துவிடுவார். மறுநாள் பால் திரிந்தால் பால்காரனைத் திட்டுவார். அக்காவும் சின்னவளும் பல் முளைத்த காலத்திலிருந்தே தும்மலை அடக்கப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் அக்காவுக்கு ஒருமுறை மூக்கில் ரத்தமே வந்துவிட்டது. அப்போதும் சத்தம் வரவில்லை.

இவ்வளவு அடக்குமுறையும் ஒரு பாட்டுக்காகத்தான். யாரோ ஒரு பெண் தனியாகப் பாடுவாள்; முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் மூச்சு வாங்குவாள். அந்த மூச்சுதான் அப்பாவுக்குத் தேர்வு. எந்தப் பெட்டி வந்தாலும், எந்த ஒயர் மாறினாலும், அந்த மூச்சு எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பார். கேட்டதும் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா பாடகிக்கு வைத்திருந்த பெயர் 'உங்கப்பாவோட ஆஸ்துமாக்காரி.'

இத்தனைக்கும் அப்பா ஏமாறக்கூடிய ஆளே இல்லை. கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர்களை உட்காரவைத்து, கனமான சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே வாழ்க்கையை ஓட்டியவர். சில நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது கடைக்கதை சொல்லிச் சிரிப்பார். "இன்னைக்கு ஒரு பெரிய மனுஷன். வில்லையைக் கழட்டிட்டு அதே வில்லையைத் திரும்பப் போட்டேன். இப்ப எப்படி சார்னேன். அடடா, இப்பத்தான் பளிச்சுன்னு இருக்குங்கிறார்! மனுஷன் கேக்கிற கேள்விக்கு ஏத்தாப்பல பாக்கிறான்டீ." சொல்லிவிட்டு எழுந்துபோய், ஸ்பீக்கர் ஒயரைத் தரையில் படாமல் சின்னச் சின்ன மரக்கட்டைகளின்மேல் தூக்கிவைத்துவிட்டு, "இப்ப கேளுங்க, எப்படித் தெளிஞ்சிடுச்சு பாருங்க!" என்பார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அப்பாவுக்குத் தன் காதும் தெரியாது.

அந்த மரக்கட்டைகள் ஒயர் மாமாவின் யோசனை. ஒயர் மாமா அப்பாவின் கூட்டாளி. ஏதோ அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் வேலை. உண்மையான வேலை ஒயர் மாற்றுவது. வாரத்துக்கு ஒருநாளாவது வந்து உட்கார்ந்து, "ரத்தம் பத்தல", "தோள்பட்டை இல்ல", "அடிவயிறு காலி" என்று வைத்தியசாலையில் பேசுகிற மாதிரி பேசிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். அம்மாவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஆனாலும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள்.

இந்த வீட்டில்தான் சின்னவள் ஒரு மாப்பிள்ளையை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது.

அதில் என்ன சிக்கல் என்று தெரியவேண்டுமானால் அக்கா புருஷனின் கதையைச் சொல்லவேண்டும். தங்கமான மனிதர். முதல்முதலாக வீட்டுக்கு வந்த அன்று அப்பா அவரை நடு நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஆஸ்துமாக்காரி பாடினாள். "எப்படி?" என்றார் அப்பா. "சூப்பர் மாமா. ஆனா இந்தப் பாட்டு என் ஃபோன்லயே நல்லாத்தான் கேக்கும்" என்றார் அந்தப் புண்ணியவான். அத்தோடு சரி. கல்யாணத்தை அப்பா தடுக்கவில்லை. வந்தார், நின்றார், சாப்பிட்டார். ஆனால் அன்றிலிருந்து அந்த மாப்பிள்ளைக்கு வீட்டில் பெயர் 'தகரம்.' "தகரம் வருதா?" என்று கேட்டுவிட்டுக் கடையிலேயே இருந்துவிடுவார். அக்கா இப்போதெல்லாம் அப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான் பிறந்த வீட்டுக்கு வருகிறாள், திருடி மாதிரி. அதை நினைத்தால் சின்னவளுக்கு வயிறு எரியும். தனக்கும் அப்படி ஆகக்கூடாது, தன் புருஷன் அந்த வீட்டு வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரவேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

சின்னவள் பல் டாக்டர். அவன் அவளிடம் வந்ததே உடைந்த முன்பல்லோடுதான். கட்டடங்களுக்குப் போடும் கான்கிரீட்டைச் சதுரக் கட்டிகளாக வார்த்து, இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று சான்று கொடுக்கும் ஆய்வுக்கூடத்தில் இஞ்சினியர். ஒரு கட்டி உடைந்தபோது சில்லு தெறித்துப் பல்லில் அடித்துவிட்டது. அவள் கண்ணாடிக் குச்சியை எடுத்து, பழக்கதோஷத்தில், "வலிக்குதா?" என்றாள். "நீங்க இன்னும் தொடவே இல்லையே" என்றான் அவன்.

பல் டாக்டராக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பதிலின் அருமை தெரியும். நாற்காலியில் சாய்ந்ததுமே "ஐயோ" என்பவர்கள்தான் அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர். தொடுவதற்கு முன்னால் வலிக்காத ஒரு மனிதனை அவள் அன்றுதான் பார்த்தாள். அங்கேயே விழுந்துவிட்டாள். பிறகு, பெரிய காண்ட்ராக்டர் ஒருவர் மேசைமேல் கவரை வைத்து "கொஞ்சம் பாத்துப் போடுங்க தம்பி" என்றபோது, "மெஷின்தான் சார் பாக்குது, நான் இல்ல" என்று கவரைத் திருப்பித் தள்ளிய கதையைக் கேட்டதும் இன்னும் ஆழமாக விழுந்தாள். அவனுக்குச் சிமெண்ட் என்று பெயர் வைத்தாள். அளக்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டான்.

அதுதான் இப்போது தலைவலியாகிவிட்டது.

"ஒரு பொய். ஒரே ஒரு பொய்" என்று அவனிடம் கெஞ்சினாள். "அப்பா பாட்டு போடுவாரு. எப்படின்னு கேப்பாரு. அந்தப் பொம்பளை மூச்சு வாங்குறது நல்லாக் கேக்குதுன்னு சொல்லிடு. அவ்வளவுதான்."

"கேட்டாச் சொல்றேன்."

"கேக்கலைன்னாலும் சொல்லுடா!"

"கேக்காததைக் கேட்டேன்னு எப்படிச் சொல்றது? எனக்கு வராது. முகத்துலயே தெரிஞ்சிடும்."

"உனக்கு நான் வேணுமா, வேண்டாமா?"

"வேணும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் சிமெண்ட். நசுக்கினால்கூட உடையாத பதில். சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிள்ளை வருகிற நாள் குறித்தாயிற்று என்று தெரிந்ததும் அப்பா ஒரு காரியம் செய்தார். புது டாக் வாங்கினார். டாக் என்பது, எண்ணும் கணக்குமாக உள்ளே வருகிற பாட்டை நாம் கேட்கக்கூடிய ஒலியாக மாற்றி அனுப்புகிற பெட்டி. அந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது. வெற்றிலைப்பெட்டி அளவில் கறுப்பாக, வாயைத் திறக்காமல், சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதுதான் அதன் குற்றம். "இது படிச்சவன் பேசுற மாதிரி பேசுது. தப்பு இல்ல. ஆனா உசிரு இல்ல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார் ஒயர் மாமா. புதிதாக வந்தது வால்வு டாக். அந்தக் காலத்து ரேடியோவுக்குள் இருக்குமே, விரல் தண்டிக்குக் கண்ணாடிக் குழாய், அப்படி இரண்டு, பெட்டியின் தலைமேல் வெளியே தெரியும்படி நின்றது. ஸ்விட்சைப் போட்டால் உள்ளே செம்மஞ்சளாக எரியும்.

"இதுல வெளிச்சம் பத்தாதே. எதுக்கு இது?" என்று கேட்டாள் அம்மா. அப்பா பதில் சொல்லவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் தரம் குறைந்துவிடும்.

பிள்ளை வரும்வரை புதுப்பெட்டியைக் கேட்காமலேயே வைத்திருந்தார். எல்லோருமாகச் சேர்ந்து முதல்முறை கேட்கவேண்டுமாம். பழைய பெட்டியைக் கழற்றவும் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தானே ருசி தெரியும்? பாட்டை அனுப்பும் கருவியிலிருந்து பழையதற்கு ஒரு ஒயர், புதியதற்கு ஒரு ஒயர். இரண்டில் எதன் குரல் ஸ்பீக்கருக்குப் போகவேண்டும் என்பதைப் பெரிய பெட்டியில் இருந்த ஒரு குமிழ் முடிவு செய்யும். இடப்பக்கம் திருப்பினால் பழையது, வலப்பக்கம் திருப்பினால் புதியது. சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும்.

சிமெண்ட் காலையில் வந்தான். முடியைப் படிய வாரியிருந்தான், சட்டையில் மடிப்புக் கலையவில்லை. அம்மாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டான் அல்லவா. அப்பா அவனுடைய வேலையைப் பற்றி ஒன்று, ஊதியத்தைப் பற்றி ஒன்று, பெற்றோரைப் பற்றி ஒன்று எனக் கேட்டார். எல்லாம் முன்னுரை என்று எல்லோருக்கும் தெரியும். ஒயர் மாமா ஏற்கெனவே வந்து அடுக்கின் பக்கத்தில் குந்தியிருந்தார். வால்வு சூடேறவேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் பார்த்துக்கொண்டு நான்கு பேரும் காவல் இருந்தார்கள். ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் நின்றது. சின்னவளுக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது.

"முதல்ல பழசு. மனசுல வாங்கி வச்சுக்கங்க தம்பி" என்று அப்பா அவனை நாற்காலியில் உட்காரவைத்தார்.

ஆஸ்துமாக்காரி பாடினாள், மூச்சு வாங்கினாள், நின்றாள்.

"எப்படி?"

"நல்லா இருக்கு சார்" என்றான் சிமெண்ட். யோசித்துவிட்டு, "பாட்டு கேக்குது" என்று சேர்த்துக்கொண்டான்.

அப்பாவின் முகம் சுருங்கியது. ஒயர் மாமா உதட்டைப் பிதுக்கினார். சின்னவள் கண்ணாலேயே அவனைக் கொன்றாள். பாட்டு கேட்கிறதாம்! பின்னே பாட்டிலிருந்து சாம்பாரா வடியும்? இன்னொரு தகரம், அவ்வளவுதான், இனிமேல் அக்காவும் தானும் சேர்ந்து திருட்டுத்தனமாக வந்து போகவேண்டியதுதான் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"சரி, இப்ப புதுசு" என்று அப்பா குமிழின் பக்கம் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து அடுக்களையில் அம்மாவின் கையிலிருந்து ஒரு கரண்டி நழுவியது. கரண்டி என்றால் சும்மாவா, விழுந்து, எகிறி, மறுபடி விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடங்கியது. அப்பா நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டு உள்ளே போனார். "முப்பது வருஷமாச் சொல்றேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உன்னால?" என்று அடிக்குரலில் அவர் பொரிந்தது ஹாலுக்குத் துல்லியமாகக் கேட்டது. அதற்கு எந்த டாக்கும் தேவைப்படவில்லை. திரும்பி வந்தவர் மூச்சை இழுத்துவிட்டு, "மூடையே கெடுத்துட்டா. சரி, ஆரம்பிப்போம்" என்று ரிமோட்டை அழுத்தினார்.

மறுபடியும் அவள் பாடினாள். ஒயர் மாமா கண்ணை மூடிக்கொண்டார். "உடம்பு வந்துடுச்சு" என்று முணுமுணுத்தார். "அடிவயிறு, அடிவயிறு" என்றார் அப்பா. இருவரும் நல்லது நடந்த வீட்டில் கையைப் பிடித்துக்கொள்வதுபோல் பிடித்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தார்கள்.

சிமெண்ட் அசையவில்லை. முன்னால் கொஞ்சம் சாய்ந்து, நெற்றியைச் சுருக்கி, எதையோ பிடிக்கப் பார்ப்பவன்போல் இருந்தான்.

"சார், அவங்க மூச்சு வாங்குறாங்க."

"ஆங்!" என்றார் அப்பா.

"முதல் தடவை அது சும்மா ஒரு சத்தமா இருந்தது. இப்ப மூச்சுன்னு தெரியுது. தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிட்டு வாங்குறாங்க." இன்னும் உற்றுக் கேட்டான். "பின்னாடி யாரோ நாற்காலியை லேசா நகர்த்துறாங்க சார். மர நாற்காலி."

இத்தனை வருடத்தில் ஒயர் மாமாவேகூட அந்த நாற்காலியைக் கேட்டதில்லை. அப்பா பாட்டைப் பின்னால் ஓட்டினார், மறுபடி போட்டார், காதைக் குவித்துக்கொண்டு கேட்டார். "இருக்குய்யா! நாற்காலி இருக்கு!" என்று கத்தினார். கண்களில் நீர் நிறைந்துவிட்டது. "தம்பி, தம்பின்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தேனே. இனிமே நீங்க மாப்பிள்ளை" என்று அவன் தோளைக் கட்டிக்கொண்டார். "ஏய், உள்ளதுல நல்ல காபியாப் போடு! மாப்பிள்ளைக்கு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். "தேதி பாக்க வேண்டியதுதான்."

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை.

காபி குடித்த டம்ளர்களை எடுக்கப் போனபோதுதான் பார்த்தாள். குமிழ் இடப்பக்கம் இருந்தது.

ஒரு நிமிடம் நின்று மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை. கரண்டி விழுந்த களேபரத்தில் அப்பா அதைத் திருப்பவே இல்லை. புது டாக் செம்மஞ்சளாக எரிந்துகொண்டு சும்மா நின்றிருக்கிறது. முதலில் பாடியதும் பழையது, பிறகு பாடியதும் பழையது. உடம்பும் அதுதான், அடிவயிறும் அதுதான்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒன்று உறைத்தது. உறைத்ததும் நெஞ்சு அப்படியே நிறைந்துபோயிற்று. பொய் சொல்ல வராது என்றானே! முகத்தில் தெரிந்துவிடும் என்றானே! காண்ட்ராக்டரின் கவரைத் தள்ளியவன், தொடாமல் வலிக்காதவன், அவளுக்காக, அவள் ஒருத்திக்காக, தலையை இடப்பக்கம் திருப்பவைத்து, மர நாற்காலி போட்டு, இவ்வளவு பெரிய பொய்யைக் கொஞ்சம்கூடக் கூசாமல் சொல்லியிருக்கிறான். இப்படி ஒரு பொய்யை எந்த ஆணும் எந்தப் பெண்ணுக்கும் சொல்லியிருக்கமாட்டான். அவள் வாழ்க்கையில் அவனை அவ்வளவு நேசித்த நிமிடம் வேறு கிடையாது.

அவன் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நாற்காலியாம்ல, நாற்காலி! அதுவும் மர நாற்காலி! எங்கடா வச்சிருந்த இவ்வளவு திறமையை?"

"என்ன திறமை?"

"நடிக்காத. அப்பா குமிழைத் திருப்பவே இல்ல. ரெண்டு தடவையும் பழசுதான் பாடிச்சு." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீ ஒருத்தன்தான் தெரிஞ்சு பொய் சொன்னவன். அவங்க ரெண்டு பேரும் நிஜமாவே கேட்டாங்க!"

சிமெண்ட் சிரிக்கவில்லை.

"நானும் நிஜமாத்தான் கேட்டேன்" என்றான்.

"சரி, சரி. இங்க யாரும் இல்ல, சொல்லலாம்."

"இல்ல, நிஜமா. எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு உனக்குத் தெரியும்ல? ரெண்டாவது தடவை வித்தியாசம் இருந்தது. நல்லாவே இருந்தது."

"ரெண்டாவது தடவை உத்துக் கேட்ட. யாருக்கா இருந்தாலும் கூடுதலா ரெண்டு விஷயம் கேக்கத்தான் செய்யும். பெட்டி மாறலடா!"

"பெட்டி மாறல, சரி." அவன் தாடையைத் தடவினான். அவன் இப்படித் தடவி அவள் பார்த்ததில்லை. "ஆனா சத்தம் மாறிச்சு. எனக்கு என்ன கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

சின்னவளின் சிரிப்பு பாதியில் நின்றது. இந்த வாக்கியத்தை அவள் எங்கே கேட்டிருக்கிறாள்? எங்கே கேட்கவில்லை என்று கேட்கவேண்டும். அப்பாவின் வாயிலிருந்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது, பிறந்தநாளில், அம்மாவின் அப்பா செத்துப்போன செய்தி வந்த அன்று, ஃப்ரிட்ஜ் நின்றுபோன ஒவ்வொரு நாளும்.

"உள்ள போய்ச் சொல்லிடலாம் வா" என்றான் அவன். "தப்பா இருக்கிறதை அப்படியே விடக்கூடாது." சொல்லிவிட்டு நடந்தான். நேர்மையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவன் குமிழைக் காட்டியதும் அப்பாவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. ஒயர் மாமா அவசரமாகக் கூரையைப் பார்க்கத் தொடங்கினார். சின்னவளுக்கு ஒரு கணம் அப்பாவைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. கடையில் வில்லையைக் கழற்றி அதையே மாட்டிச் சிரித்த மனிதர், தன் மூக்கில் அதே வில்லை மாட்டப்பட்டு நின்றார். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார், 'ஏமாந்துட்டேன்டீ' என்று சிரித்துவிடுவார், முப்பது வருடப் பிசாசு இறங்கிவிடும் என்று அவள் நம்பினாள். அவர் வாயும் திறந்தது.

"ஒருவேளை இப்படி இருக்கலாம் மாமா" என்றான் சிமெண்ட்.

மூவரும் அவனைப் பார்த்தார்கள்.

"பழசு, புதுசு ரெண்டும் ஒரே ப்ளக் போர்டுலதானே இருக்கு? வால்வு சூடாகும்போது அந்த லைன்ல இருக்கிற இரைச்சலை எல்லாம் அது இழுத்திருக்கும். அதனால பழசுக்குச் சுத்தமான கரண்ட் போயிருக்கும். அதான் தெளிஞ்சிருக்கு."

ஒயர் மாமாவின் பார்வை கூரையிலிருந்து இறங்கியது. "அட" என்றார்.

"அதைத்தான் நான் சொல்ல வந்தேன்" என்றார் அப்பா. முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது. "பக்கத்துல நின்னதுக்கே இப்படின்னா, அதுவே பாடினா?"

குமிழ் வலப்பக்கம் திரும்பியது. வால்வு டாக் முதன்முதலாக வாய் திறந்தது. ஆண்கள் மூவரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடினார்கள்.

"மாமா, அந்த நாற்காலி" என்றான் சிமெண்ட்.

"ஆமா மாப்பிள்ளை. ஒரு கால் ஆடுது" என்றார் அப்பா.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. பூதத்துக்கு இரண்டு பேர் சேர்ந்து கம்பளம் விரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவளுக்குக் கோபம் தலைக்கேறியது. நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"உங்க லேப்ல இதுக்கெல்லாம் கருவி இருக்கும்ல? கொண்டுவா. ரெண்டு பெட்டியையும் அள. வித்தியாசம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். நீ அளக்காம எதையும் நம்பமாட்டியே."

சிமெண்ட் கண்ணைத் திறந்தான். அவளை அன்போடுதான் பார்த்தான். விவரம் தெரியாத குழந்தைக்குச் சொல்வதுபோல், மெதுவாகச் சொன்னான்:

"சில விஷயத்தை அளக்க முடியாதும்மா."

அப்பா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவன் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தான். நாற்காலி டேப்பைவிட்டு ஒரு விரற்கடை நகர்ந்திருப்பதைப் பார்த்து, குனிந்து, தானே சரியாக வைத்துக்கொண்டான். பிறகு ஒரு விரலை உயர்த்தினான்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் போறியா? சத்தத்துக்குக் குறுக்க நிக்கிற."

அவள் போனாள். ஹாலைக் கடந்து, நிறுத்திவைத்த ஃப்ரிட்ஜைக் கடந்து, அடுக்களைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். பொய் சொல்லியிருக்கக்கூடாதா இவன்? நாக்கூசாமல் ஒரு பச்சைப் பொய் சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் அவன் காலடியில் கிடந்திருப்பாளே! பொய்யனோடு சண்டை போடலாம், மடக்கலாம், ஒருநாள் ஒப்புக்கொள்ளவும் வைக்கலாம். நிஜமாகவே கேட்டவனை என்ன செய்வது? அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. அழுகையில் சத்தமே வரவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அது வராது.

அம்மா வாயெல்லாம் பல்லாக அருகில் வந்தாள். "உங்கப்பா உச்சி குளிர்ந்து நிக்கிறார்டி. இந்த மாசக் கடைசியிலயே வச்சுக்கலாமான்னு கேக்கிறார். நான் என்ன சொல்லட்டும்?" அப்புறம்தான் மகளின் முகத்தைப் பார்த்தாள். "என்னடி இது? அந்தப் பையனுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா. பொய்யே சொல்லமாட்டான்."

"அப்புறம் என்ன?"

"அப்பாவுக்கு மாப்பிள்ளை கிடைச்சாச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத்தான் இனிமே தேடணும்."

அம்மா ஹாலை எட்டிப் பார்த்தாள். இரண்டு வால்வுகளுக்கு முன்னால் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடு நாற்காலியில் இருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். மகளின் பக்கம் திரும்பி, தலையை ஒருமுறை வருடிக்கொடுத்தாள்.

"எனக்கு இது தெரியறதுக்குள்ள உங்கக்கா பொறந்துட்டாடி" என்றாள்.